உள்ளதைக் கொண்டு ஒரு விருந்து



யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கடலிற் சிதறிக் கிடக்கும் தீவுகளுள் மிகச் சிறியனவற்றுள் ஒன்று எழுவைதீவு. ஊர்காவற்றுறைத் துறைமுகத்திலே படகேறினால் எங்கள் கரையை அடையலாம். படகு ஓடும் நாளில் ஊரிலே பாணும் மரக்கறியும் கடிதமும் வந்திறங்கும். சோளகக் காற்று மூண்டு படகு நின்றுவிட்டால், அன்று வீட்டில் என்ன இருக்கின்றதோ அதுவே அன்றைய சாப்பாடு. எங்கள் குசினிகளிலே என்ன சமைப்பது என்பதைப் பெரும்பாலும் காற்றுத்தான் தீர்மானிக்கின்றது எனலாம்.

இத்தகைய தீவொன்றில் பாடசாலை அதிபராயிருக்கும் நான் சமையலைப் பற்றிப் பேச வந்தது ஏன் என்று சிலர் நினைக்கக்கூடும். அதற்குக் காரணம் ஒரு பிள்ளையின் கட்டுரை.

சென்ற ஆண்டு இரண்டாந் தவணை முடியுந் தறுவாயில், 'எனக்கு விருப்பமான உணவு' என்னும் தலைப்பில் எங்கள் பிள்ளைகள் ஒரு கட்டுரை எழுதினர். வகுப்பிலே இருந்தவர் பதினொருவர். அவர்களில் எழுவர், தாம் ஒரு நாளேனும் உண்டறியாத, தொலைக்காட்சியிலும் கைத்தொலைபேசியிலும் மாத்திரம் கண்ட உணவுகளைப் பற்றி எழுதியிருந்தனர். ஒரு சிறுமி லசானியா என்னும் இத்தாலிய உணவை மிகவும் அழகாக வருணித்திருந்தாள். "நீ இதை எங்கே சாப்பிட்டாய், பிள்ளை?" என்று கேட்டேன். "சாப்பிடேல்லை ரீச்சர். படத்திலை பார்த்தனான்" என்றாள். "அப்படியானால் வீட்டிலே சாப்பிடுவதைப் பற்றி ஏன் எழுதவில்லை?" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "எங்கடை வீட்டிலை கூழும் புட்டுந்தானே, ரீச்சர்" என்றாள்.

அந்தத் 'தானே' என்ற சொல் என் நெஞ்சிலே தைத்தது. கூழ் குடிப்பது வெட்கத்துக்குரியது என்று அப்பிள்ளைக்கு யார் கற்பித்தார்? நாங்கள் ஒருவரும் வாய்திறந்து சொல்லவில்லை. ஆனால், எங்களிடம் இல்லாத பொருள்களின் பட்டியலையே திரும்பத் திரும்பக் காண்கின்ற பிள்ளை, தன் வீட்டிலே உள்ளது எதுவும் பொருளன்று என்று எண்ணிக்கொள்வது இயல்பே அன்றோ?

இந்த எண்ணம் மனத்திற் கிடந்து உறுத்திக்கொண்டிருக்கையிலே விடுமுறை வந்தது. என் தங்கையின் மகளும் வந்தாள்.

என் தங்கை மணமுடித்து இத்தாலி தேசத்துக்குச் சென்றவள். அந்நாட்டின் தெற்கே சிசிலி என்றொரு பெருந்தீவு உண்டு. அதன் தலைநகர் பலெர்மோ. இலங்கைத் தமிழர் பலர் பல ஆண்டுகளாக அங்கே வாழ்ந்து வருகின்றனர். அந்நகரின் காவற் புனிதையாகிய சாந்தா ரொசாலியாவின் மலைக் கோயிலுக்குச் சைவரான நம்மவரும் நேர்த்தி வைத்துப் போவது அங்கே எல்லோரும் அறிந்த செய்தி. என் தங்கை அந்நகரிலேயே இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் காலமானாள். அவள் பிறந்த வீட்டையும், எண்பது கடந்த அம்மம்மாவையும் பார்க்கவேண்டும் என்று மகள் தனியே புறப்பட்டு வந்திருந்தாள்.

அவள் வந்த மறுநாளே சோளகம் மூண்டது. இரண்டு நாள் படகு இல்லை. இரண்டாம் நாட் காலையில் அவள் என்னிடம், "பெரியம்மா, அம்மா ஞாயிற்றுக்கிழமைகளிலை லசானியா செய்வா. அதை நான் அம்மம்மாவுக்குச் செய்து குடுக்கவேணும்" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அச்சமும் வந்தது.

லசானியா என்பது யாது என்பதை நேயர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். கோதுமை மாவை முட்டை விட்டுப் பிசைந்து, மெல்லிய தகடுகளாக உருட்டி, அவித்து, ஒரு தட்டிலே பரப்புவர். அதன்மேல் தக்காளியில் வேகவைத்த இறைச்சிக் குழம்பு, அதன்மேல் பாலும் மாவும் வெண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய வெண்குழம்பு, அதன்மேல் துருவிய பாற்கட்டி, மறுபடியும் மாத்தகடு. இப்படி அடுக்கடுக்காக அமைத்துப் போறணை போன்ற சூட்டடுப்பில் மேற்புறம் பொன்னிறமாகும் வரை சுடுவர்.

எங்கள் வீட்டிலோ இறைச்சி இல்லை, வெண்ணெய் இல்லை, பசுப்பால் இல்லை, பாற்கட்டி இல்லை, சூட்டடுப்பும் இல்லை. நான் இந்த 'இல்லை'களை ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னேன். பெறாமகள் அதைக் காதிலே போட்டுக்கொள்ளவில்லை. ஒரு கடதாசியை எடுத்து, நேர்நடுவே ஒரு கோடு கீறினாள். இடப்புறத்தில் லசானியாவுக்கு வேண்டிய பொருள்களை எழுதினாள். வலப்புறத்தில் அவற்றுக்குப் பதிலான பொருள்களை எழுதுவாள் என்று எதிர்பார்த்தேன். அவ்வாறன்றி, ஒவ்வொரு பொருளும் அந்த உணவிலே என்ன வேலை செய்கின்றது என்பதை எழுதினாள். வெண்குழம்பு: கொழுப்பும் வழுவழுப்பும் தருவது, அடுக்குகளைப் பிணைப்பது. பாற்கட்டி: உப்பும் மேற்புற மொறுமொறுப்பும் தருவது. மாத்தகடு: குழம்பை உறிஞ்சித் தாங்கி நிற்பது. சூட்டடுப்பு: மேலும் கீழும் வெப்பம் தருவது. முப்பது ஆண்டு கற்பித்த நான் அன்று அந்தக் கடதாசியைப் பார்த்து ஒரு பாடம் கற்றேன். பொருளின் பெயரைத் தேடினால் 'இல்லை' என்ற விடையே வரும். அது செய்யும் தொழிலைத் தேடினால், அத்தொழிலைச் செய்யவல்ல வேறொன்று நம் வீட்டுக் கோடியிலேயே இருப்பது தெரியவரும்.

அன்று நாங்கள் செய்த முறையைச் சொல்கின்றேன். விரும்பியோர் குறித்துக்கொள்ளலாம்.

முதலில் மாத்தகடு. இங்கே நாங்கள் ஒரு பிழை விட்டோம். வீட்டிலே ஒடியல் மா நிறைய இருந்தமையால் அதையே பிசைந்து உருட்டுவோம் என்று நான் யோசனை கூறினேன். மாவை ஊறவிட்டுக் கயர்ப்பு நீரைப் பிழிந்து, குழைத்து உருட்டினோம். தகடு போத்தலோடு ஒட்டிக்கொண்டு துண்டு துண்டாகப் பிய்ந்தது. கோதுமையிலே நீர் பட்டுப் பிசையும்போது இழுபட்டுத் தரும் ஒருவகைப் புரதப் பசை உண்டு. பனங்கிழங்கின் மாவிலே அது கிடையாது. ஒடியல் மா நீரைத் தடிப்பாக்கும். தகடாக நின்று தாங்காது. இதுவும் அந்தக் கடதாசி சொன்ன பாடந்தான். தொழிலறியாமல் பொருளை மாற்றிய குற்றம் என்னுடையது.

பின்னர் இரண்டு கோப்பை கோதுமை மா, இரண்டு முட்டை, உப்பு, சிறிது நீர் ஆகியவற்றை இறுக்கமாகப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி அரைமணி நேரம் வைத்தோம். வெறும் போத்தலால் இயன்ற மட்டும் மெல்லியதாக உருட்டி, சட்டியின் வட்டத்துக்கு அளவாக வெட்டி, உப்பு நீரிலே இரண்டு நிமிடம் அவித்து, சுளகிலே துணி விரித்துப் பரப்பினோம். மூன்று அடுக்குக்கு மேல் மா காணவில்லை. அதற்கென்ன? காலையில் அவித்த இடியப்பம் மிஞ்சியிருந்தது. மேல் இரண்டு அடுக்குக்கும் அதையே பரப்பினோம். குழம்பை உறிஞ்சித் தாங்கும் வேலையை இடியப்பத்தைவிடத் திறமாகச் செய்யவல்லது வேறு யாது?

அடுத்தது குழம்பு. அயலவர் ஒருவர் கரையோரத்து ஆழங்குறைந்த நீரிற் பிடித்த இறால் அரைக் கிலோ தந்தார். முன்னைய கிழமை ஊர்காவற்றுறையில் வாங்கிய தக்காளி அரைக் கிலோ இருந்தது. சின்ன வெங்காயமும் உள்ளியும் வதக்கி, தக்காளியைக் கரைய வேகவிட்டு, மிளகாய்த்தூள் ஒரு கரண்டியும் பெருஞ்சீரகத்தூள் ஒரு கரண்டியும் சேர்த்து, இறுதியில் இறாலைப் போட்டு உடனே இறக்கினோம். இறால் மீண்டும் சட்டியிலே வேகும். ஆதலால் இங்கே முழுதும் வேகவிடலாகாது.

வெண்குழம்புக்குத் தேங்காய் ஒன்று. இரண்டாம் பாலிலே மூன்று மேசைக்கரண்டி அரிசிமாவைக் கட்டியின்றிக் கரைத்து, மெல்லிய தீயிலே துழாவி, தடித்து வருகையில் முதற்பாலை விட்டு, உப்பும் மிளகுத்தூளும் சேர்த்து இறக்கினோம். தேங்காய்ப்பால் சூட்டிலே திரைந்து போகும் இயல்புடையது; அரிசிமா அதைத் திரையவிடாது பிடித்துவைக்கும்.

எஞ்சியது பாற்கட்டி. இரண்டு நாளைக்கு முந்திய பாண் கல்லாய்க் காய்ந்திருந்தது. பெறாமகள் அதைத் தூளாக்கி, தேங்காயெண்ணெயும் உப்பும் விட்டுத் தாச்சியிலே சிவக்க வறுத்தாள். "பாற்கட்டி இல்லையென்று பாணைத் தூவுகிறாயா?" என்றேன். "பெரியம்மா, சிசிலியிலை ஏழைச் சனம் காலங்காலமாய் இதைத்தான் செய்யுது. பாற்கட்டி வாங்கக் காசில்லாத வீடுகளிலை பாண்தூளை வறுத்துத் தூவுவினம். இப்ப அதைப் பணக்காரரும் விரும்பிச் சாப்பிடினம். கடலுணவோடை பாற்கட்டி சேர்க்கிறதை அங்கை கனபேர் விரும்பமாட்டினம்" என்றாள். நாங்கள் குறையென்று நினைத்தது அத்தீவின் வழக்கமாகவே இருந்தது!

இனிச் சூட்டடுப்பு. இதுவரை சாய்மனைக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த என் தாயார் எழுந்து வந்தார். முற்காலத்தில் நம் வீடுகளிலே கேக்குச் சுட்ட முறையை அவர் மறக்கவில்லை. அகன்ற அலுமினியத் தாச்சியிலே இரண்டு விரற்கடை உயரத்துக்கு மணலைப் பரப்பச் சொன்னார். அதன்மேல் அடுக்கிய மண்சட்டியை வைத்துத் தகரத் தட்டால் மூடி, தட்டின்மேல் சிரட்டைத் தணலைப் பரப்பினோம். "கீழை நெருப்பைக் குறை, மோனை. மேலை தணலைக் கூட்டு. கீழ்ச்சூடு வேகவைக்கும், மேற்சூடுதான் நிறங்குடுக்கும்" என்று அவர் பணிக்க, பேர்த்தி அப்படியே செய்தாள். நாற்பது நிமிடங் கழித்துத் தகரத்தை எடுத்தபோது, மேற்புறம் பொன்னிறமாக வெந்திருந்தது.

தாயார் ஒரு துண்டை வாயிலிட்டார். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "பெருஞ்சீரகம் போட்டிருக்கிறாய் என்ன?" என்றார். "அம்மா எப்பவும் போடுவா" என்றாள் பேர்த்தி. "ஓம், அவள் எதுக்கும் ஒரு கரண்டி கூடத்தான் போடுவாள்" என்று சொல்லி, தட்டிலே இருந்ததை முழுதும் உண்டார். தங்கை மறைந்தபின் அவர் அவளைப் பற்றி அழாமல் பேசியது அன்றுதான்.

நேயர்களே, இதை லசானியா என்று அழைக்கலாமா என்று ஒருவர் கேட்கலாம். இத்தாலியிலே பொலோஞ்ஞா நகரத்து இறைச்சிக் குழம்பின் செய்முறையை 1982ஆம் ஆண்டு அந்நகரின் வர்த்தக சபையிலே பதிந்து வைத்திருக்கின்றனர். அத்தகையோர் எங்கள் சட்டியைக் கண்டால் மனம் வருந்துவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் வரலாற்றைச் சற்றே நோக்குவோம். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த, நாப்போலி அரசவையோடு தொடர்புடைய லத்தீன் சமையல் நூலொன்றிலே லசானியா கூறப்படுகின்றது. அதிலே மாத்தகடும் பாற்கட்டியும் வாசனைப் பொடியும் உண்டு, தக்காளி இல்லை. ஏனெனில், தக்காளி அமெரிக்கக் கண்டத்துக்குரியது. 1492இல் கொலம்பஸ் கடல் கடந்த பின்னரே அது ஐரோப்பாவை அடைந்தது. அதற்குப் பின்னரும் ஏறத்தாழ இருநூறு ஆண்டு கழித்தே, 1690களில், நாப்போலியில் அச்சான சமையல் நூலொன்றிலே தக்காளிக் குழம்பு இடம்பெற்றது. இன்று தக்காளி இன்றி லசானியா ஏது என்பர். அன்று யாரோ ஒரு பெண், தோட்டத்திலே புதிதாகக் காய்த்த பழத்தைத் துணிந்து சட்டியிலே இட்டிருக்கிறாள்.

நம் ஒடியற்கூழின் கதையும் அதுவே. ஒடியல் மாவைக் கரைத்து, மீனும் நண்டும் இறாலும் கணவாயும், பயற்றங்காயும் பலாக்கொட்டையும் மரவள்ளிக்கிழங்கும், முருங்கையிலையும், பழப்புளியும், அரைத்த செத்தல் மிளகாயும் சேர்த்துக் காய்ச்சி, பனையோலைப் பிளாவிலே வார்த்துக் குடிக்கின்றோம். இது நம் முன்னோர் தந்த மாறாத மரபு என்று பெருமை கொள்கின்றோம். ஆனால் மிளகாய் போர்த்துக்கேயர் வழியாக இப்பகுதிக்கு வந்தது. மரவள்ளியின் தாயகமும் தென்னமெரிக்காவே. அவை வருமுன்னர் நம் பாட்டிமார் உறைப்புக்கு மிளகைக் கொண்டே சமைத்தனர். நாம் பாணுக்கு வழங்கும் பெயரே போர்த்துக்கேயரிடம் பெற்றதன்றோ? வந்த பொருளை வரவேற்று, உள்ள பொருளோடு உறவாக்கியவர்களே நம் மரபை ஆக்கியவர்கள்.

நெருக்கடிக் காலங்களிலே இவ்வறிவே நம்மைக் காத்தது. 1942இல் பர்மா யப்பானியர் வசமாகி அரிசி வரவு குன்றிப் பங்கீடு வந்தபோது, எங்கள் பேர்த்தியார் ஒடியலையும் கிழங்கையும் கொண்டு பிள்ளைகளை வளர்த்ததாகத் தாயார் கூறுவார். 1970களின் நடுப்பகுதியில் பாணுக்கு மக்கள் விடியுமுன்னே வரிசையில் நின்றனர். 1990இல் போர் மூண்டு குடாநாட்டிற்கு மின்சாரமும் எரிபொருளும் நின்றபோது, நான் யாழ்ப்பாணத்திலே கலைப்பிரிவு மாணவி. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துச் சில துளி மண்ணெண்ணெய் விட்டு ஏற்றிய விளக்கிலே படித்தோம். சைக்கிளைக் கவிழ்த்து, சில்லைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலி கேட்டோம். செய்தி முடியுமட்டும் ஒருவர் மாறி ஒருவர் சுழற்றிக்கொண்டேயிருப்போம். அன்று எங்களுக்கு வேண்டியிருந்தது மின்கலம் அன்று. மின்கலம் செய்யும் வேலை. 2022இல் பொருளாதார நெருக்கடியால் எரிபொருள் இன்றிப் படகுகள் தடைப்பட்டபோதும் எங்கள் தீவுகள் இவ்வாறே சமாளித்தன.

இங்கே ஒன்றைத் தெளிவாகக் கூறவேண்டும். இல்லாமையைப் புகழ்வது என் நோக்கமன்று. தீவிலே இருப்பவர் உள்ளதைக் கொண்டு சமாளிப்பர் என்று கருதி, அவர்களுக்கு வரவேண்டிய படகும் மருந்தும் ஆசிரியரும் வராதிருப்பது முறையன்று. பசித்த பிள்ளைக்குக் கைத்திறனைப் பற்றிப் பாடம் சொல்வது அறமும் அன்று. சமாளிக்கும் அறிவு மனிதனின் செல்வம். அவனைச் சமாளிக்கும்படி விட்டுவிடுவது பிறரின் குற்றம். இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசலாகாது.

எல்லாவற்றுக்கும் பதிற்பொருள் உண்டு என்பதும் தவறு. படகு ஓடத் தொடங்கிய நாளன்று தாயார் பேர்த்திக்குக் கூழ் காய்ச்சிக் கொடுத்தார். முதல் மிடறு குடித்ததும் அவள் வியந்து நின்றாள். "இது வேறை மாதிரி இருக்கு. அம்மா காய்ச்சிறது இப்பிடி மணக்காது" என்றாள். கேட்டபோதுதான் தெரிந்தது: பலெர்மோவிலே ஒடியல் மா கிடையாமையால் என் தங்கை கடலைமாவைக் கரைத்துக் கூழ் காய்ச்சியிருக்கிறாள். அந்நகரிலே கடலைமாவிலே ஒருவகைப் பொரியல் செய்து தெருவெல்லாம் விற்பார்களாம்; ஆகையால் அம்மா அங்கே எளிதிற் கிடைக்கும். கடலைமா கூழைத் தடிப்பாக்கும் வேலையை நன்றாகவே செய்திருக்கும். பனையின் மணத்தை அது எங்கே தேடிப் பெறும்? தங்கை அவ்வளவு ஆண்டுக் காலமும் அந்த மணம் இல்லாமலே கூழ் குடித்திருக்கிறாள். மகளிடம் அதைக் குறையாக ஒரு நாளும் சொன்னதில்லை.

பேர்த்தி புறப்பட்ட நாளிலே தாயார் இரண்டு கிலோ ஒடியல் மாவைத் துணிப்பையிலே கட்டிக் கொடுத்தார். அவள் கடதாசியும் பேனாவுமாக நின்று அளவு கேட்டாள். "அளவென்ன அளவு? அகப்பையிலை ஒட்டவேணும், ஆனால் கட்டியாய் விழப்படாது" என்பதே அவருடைய விடை. அவள் அதையும் அப்படியே எழுதிக்கொண்டாள்.

மூன்றாந் தவணை தொடங்கியதும் இந்தக் கதையை வகுப்பிலே கூறினேன். கடதாசியிலே கோடு கீறி, பொருளையும் அது செய்யும் வேலையையும் எழுதும் முறையைக் காட்டினேன். வீட்டுக்குப் போய், அம்மாவோ அம்மம்மாவோ சமைக்கும் ஒன்றை இவ்வாறு எழுதி வருமாறு பிள்ளைகளிடம் சொன்னேன். மறுநாள், லசானியாவைப் பற்றி எழுதிய அதே சிறுமி தன் கொப்பியைக் கொண்டுவந்தாள். தலைப்பு: 'எங்கள் வீட்டுக் கூழ்'. இடப்புறத்திலே பன்னிரண்டு பொருள்கள். வலப்புறத்திலே பன்னிரண்டு தொழில்கள். பலாக்கொட்டைக்கு நேரே, 'இது இருந்தால் தம்பி சண்டை பிடிக்காமல் குடிப்பான்' என்று எழுதியிருந்தாள். அதற்கு முழுப் புள்ளி கொடுத்தேன்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் முதியவர் ஒருவர் இருப்பாராயின், இந்த வாரம் ஒரு நாள் அவர் சமைக்கும்போது பிள்ளையொன்றைப் பக்கத்திலே இருத்துங்கள். எவ்வளவு போடுகிறீர்கள் என்று கேட்பதோடு நில்லாமல், எதற்காகப் போடுகிறீர்கள் என்றும் கேட்கச் சொல்லுங்கள்.